முட்டைக்குத் தாயே சாட்சி

லூயி பாஸ்டர் என்ற பெயர் நம் மாணவர் அறியாததன்று. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. விசர்நாய்க் கடிக்கு ஊசி மருந்து கண்டவர் அவர் என்பதும் பாடப்புத்தகத்தில் உண்டு. பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் அப்பெரியார் 1865 முதல் ஐந்து ஆண்டு காலம் பட்டுப்புழுக்களோடு வாழ்ந்தார் என்பதைப் பிள்ளைகள் அறியார். ஆசிரியருட் பலரும் அறியார்.

நான் தமிழ் படிப்பிப்பவன். இரசாயனம் என் துறை அன்று. ஆயினும் அந்த ஐந்து ஆண்டு வரலாற்றைப் படித்தபோது, இது நம்மவர் செய்யும் தொழிலுக்கு அயலானதன்று என்று தோன்றியது. ஏடு பார்ப்பவர்க்கு ஒரு பாடத்திலே ஐயம் வந்தால், அது எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்று மூலத்தைத் தேடிப் போவார். மூலம் செல்லரித்துப் போயிருக்கும். அல்லது ஆடிப்பெருக்கில் விடப்பட்டிருக்கும். தேடியவர் கைபிசைந்து நிற்பார். பாஸ்டருக்கும் ஐயம் வந்தது. அவருக்கு வந்த ஐயம் முட்டையைப் பற்றியது. முட்டைக்கு மூலம் தாய். அந்தத் தாயைத் தொலையாமல் வைத்திருக்க அவர் ஒரு வழி கண்டார்.

பிரான்சின் கிழக்கே ஜூரா மலைப் பக்கத்தில் டோல் என்னும் ஊரில், 1822 டிசம்பர் 27ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுபவர். நெப்போலியனின் சேனையிலே சேவித்து மீண்டவர். குடும்பம் பின்னர் ஆர்புவா என்ற சிற்றூரிற் குடியேறியது. இளமையிலே பாஸ்டருக்குச் சித்திரம் நன்றாக வரும். தாய் தந்தையரை அவர் தீட்டிய வண்ணப்படங்கள் இன்றும் உள்ளன. பாரிசில் அவர் படித்தது ஆசிரியர்களை ஆக்குவதற்கென்றே அமைந்த உயர் கலாசாலை. இதை நம் ஆசிரியர்கள் நினைவிலே வைத்துக்கொள்ளலாம். 1848இல் பளிங்குருக்களைப் பற்றிய ஆராய்ச்சியாற் பெயர் பெற்றார். அடுத்த ஆண்டு மரீ லோரான் என்னும் அம்மையாரை மணந்தார். பின்பு லில் நகரிலே புளித்தலை ஆராய்ந்தார். உயிர் உயிரிலிருந்தே தோன்றும், அழுகற் பொருளிலிருந்து தானே தோன்றாது என்று வாதிட்டு வென்றார். இவையெல்லாம் பெரிய காரியங்கள். தனித்தனியே எழுதத் தக்கவை. நாம் தென்திசை செல்வோம்.

பட்டு என்றால் நமக்குக் கூறைச்சேலை நினைவுக்கு வரும். அதற்கு அப்பால் நினைவு செல்வதில்லை. நமக்குப் பனையும் புகையிலையும் சோறு போட்டன. புழு சோறு போடவில்லை. தென் பிரான்சின் மலைக் குடிகளுக்குப் புழுவே சோறு போட்டது. அப்புழு உண்பது முசுக்கட்டை இலை. நம் வேலியிலே படர்ந்து, வறைக்கு உதவும் முசுட்டை வேறு, முசுக்கட்டை வேறு. மல்பெரி என்றால் இக்காலப் பிள்ளைகளுக்கு விளங்கும். அந்நாட்டார் அதைப் பொன்மரம் என்பர். நாம் பனையைக் கற்பகதரு என்பதும் அந்த நன்றியினாலேயே. வசந்த காலத்திலே பெண்கள் பட்டு முட்டைகளைச் சிறு பைகளில் இட்டு, ஆடைக்குள்ளே வைத்து, உடற்சூட்டிற் பொரிப்பிப்பார்கள். புழு வெளிவந்த பின் ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டிலே வேறு பேச்சு இல்லை. இலை பறிப்பதும், இடுவதும், கழிவு அகற்றுவதுமே வேலை. புழு நான்கு முறை தோலுரிக்கும். பின்பு சுள்ளியிலே ஏறிக் கூடு கட்டும்.

அந்த வாழ்விலே இடி விழுந்தது. 1853இல் பிரான்சிலே விளைந்த கூடுகள் 2 கோடி 60 இலட்சம் கிலோ. 1865இல் அது 40 இலட்சம் கிலோவாகச் சுருங்கியது. புழுக்கள் இலையை வெறுத்தன. தோலுரிக்க மாட்டாமல் இறந்தன. உடலிலே மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றின. மிளகைக் குறிக்கும் நாட்டு வழக்கிலிருந்தே நோய்க்குப் பெப்ரின் என்று பெயர் வந்தது. பிற தேசத்து முட்டைகளை வருவித்தார்கள். அவையும் ஓரிரண்டு ஆண்டில் நோயுற்றன. கடைசியில் யப்பான் முட்டையே கதியாயிற்று.

பாஸ்டரின் ஆசிரியராகிய டியூமா அந்த நாட்டவர். ஆலே என்னும் ஊரிற் பிறந்தவர். அரசாங்க மன்றிலே இருந்தவர். கதைகள் எழுதிய டியூமாவை வாசகர் இவரோடு மயங்க வேண்டா. தம் மாணாக்கரை அழைத்து, இந்நோயை ஆராய வேண்டும் என்றார். தாம் பட்டுப்புழுவைத் தொட்டும் அறியாதவர் என்று பாஸ்டர் சொல்லிப் பார்த்தார். முன்னெண்ணம் இல்லாதவரே வேண்டும் என்பது ஆசிரியரின் கருத்து. ஆசிரியர் சொல்லை மாணவர் தட்டவில்லை.

அவர் அறியாமை எத்துணையது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. வழியிலே அவிஞோன் நகரில், பூச்சிகளின் வாழ்வை ஆராய்ந்து வந்த ஷான் ஆன்றி பாபர் என்னும் பள்ளி ஆசிரியரைக் கண்டார். பட்டுக் கூடு ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ இருக்கின்றதே என்று வியந்தார். உள்ளிருப்பது கூட்டுப்புழு என்பதும், அதுவே பூச்சியாகும் என்பதும் அவருக்குப் புதுமை! பட்டுத்தொழிலைக் காக்க வந்தவரின் முதற் பாடம் இது. பாபர் இதைக் கண்டு இகழவில்லை. வெறுங்கையோடு களத்திலிறங்கும் மல்லனைக் கண்டாற்போல வியந்தார். ஆனால், விடைபெறுமுன் பாஸ்டர் அவருடைய திராட்சை மது அறையைப் பார்க்க விரும்பினாராம். ஏழை ஆசிரியர் வீட்டில் மது அறை ஏது? ஒரு குடுவை இருந்தது, அதைக் காட்டினார். பெரியோரும் சில வேளை அயலார் வீட்டு நிலையை அறியாமற் கேட்டுவிடுகின்றார்கள்.

1865 ஜூன் மாதம் பாஸ்டர் ஆலே போய்ச் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலே தந்தையார் நோயுற்றார் என்று தந்தி வந்தது. ஆர்புவா செல்லுமுன் தந்தை மறைந்துவிட்டார். அந்தச் செப்டெம்பரில் இரண்டு வயதுக் குழந்தை கமீல் இறந்தாள். அடுத்த ஆண்டு மே மாதம், பன்னிரண்டு வயதுச் செசீல் நெருப்புக் காய்ச்சலால் இறந்தாள். மூத்த மகள் ழான் அதே காய்ச்சலுக்கு 1859இலேயே இரையாகியிருந்தாள். மூன்று பெண் குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்தவர், ஒவ்வொரு வசந்தத்திலும் ஆலேக்கு மீண்டு வந்து, புழுக்களுக்கு இலையிட்டு, இறந்தவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார். நோய் ஏன் ஒரு பிள்ளையைத் தொட்டு மற்றொன்றை விடுகின்றது என்ற வினா அவருக்குப் புழுவைப் பற்றியது மாத்திரமாய் இருந்திருக்க முடியாது.

இனி அவர் கண்ட வழி.

நோயுற்ற புழுக்களின் உடலிலே நுணுக்குக்காட்டியிற் பளபளக்கும் நுண்ணிய உருண்டைகள் தெரியும். இத்தாலியப் புலவர்கள் இவற்றை முன்னரே கண்டிருந்தனர். முட்டைகளைச் சோதித்து நல்லவற்றைப் பொறுக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. ஆனால் அது சரிவரப் பலிக்கவில்லை. முட்டையிலும் இளம்புழுவிலும் நோய் ஒளிந்திருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லை, வளர்த்தால் அழிவு. பாஸ்டர் நாளுக்கு நாள் பார்த்து ஓர் உண்மையை உணர்ந்தார். முட்டையிலே மறைந்திருப்பது பூச்சியிலே மறைவதில்லை. கூட்டுப்புழுப் பருவத்தில் உருண்டைகள் பெருகும். பூச்சியிலே வெளிப்படையாய் நிற்கும். ஆகவே முட்டையைக் கேட்டுப் பயனில்லை. அதை இட்ட தாயைக் கேட்க வேண்டும்.

தாயை எங்கே தேடுவது? பட்டுப்பூச்சி வெளிவந்தபின் உண்பதில்லை. சேர்ந்து, ஏறக்குறைய நானூறு முட்டை இட்டு, சில நாளில் இறந்துபோகும். வழக்கமாக நூற்றுக்கணக்கான பூச்சிகளை ஒரே விரிப்பில் விடுவார்கள். முட்டைகள் ஒன்றாய்க் கலக்கும். பூச்சிகளைக் குப்பையில் எறிவார்கள். எந்த முட்டை எந்தத் தாயுடையது என்று பிரமனாலும் சொல்ல முடியாது.

பாஸ்டர் செய்தது சிறிய காரியம். ஒவ்வொரு பெண் பூச்சிக்கும் தனித்தனியே ஒரு துணித்துண்டு கொடுத்தார். பூச்சி அதிலே முட்டையிடும். இட்டு முடிந்ததும் அதே துணியின் மூலையை மடித்து, பூச்சியை அதற்குள்ளே வைத்து, ஊசி குத்தி விடுவார்கள். அங்கேயே உலர்ந்து கிடக்கும். இலையுதிர் காலத்திலோ மாரியிலோ ஓய்வான வேளையில், பூச்சியை எடுத்துச் சிறு கல்லுரலிலே சில துளி நீர் விட்டு அரைத்து, ஒரு துளியை நுணுக்குக்காட்டியிற் பார்க்க வேண்டும். உருண்டை தெரிந்தால் அந்தத் துணியைத் தீயிலிட வேண்டும். தெரியாவிட்டால் வருகின்ற வசந்தத்துக்கு அதுவே வித்து. முட்டையை விதை என்றே பிரெஞ்சுக்காரரும் வழங்குவர்.

இதிலே பொறி இல்லை, சக்கரம் இல்லை. ஒரு முழம் துணியும் ஓர் ஊசியும் உரலும் கண்ணாடியும் உண்டு. ஆயினும் இதனைப் புதுப்புனைவு என்றே நான் சொல்வேன். பிள்ளையும் தாயும் பிரியாதபடி ஒரு துணியிலே கட்டி வைத்ததுதான் அந்தப் புனைவு. அத்துணி முட்டைக்குத் தொட்டில். அதுவே தாயைப் பற்றிய பதிவேடு.

எதிர்ப்பு இருந்தது. முட்டை வாணிகர் இதனால் இழப்பவர். அவர்கள் பழி தூற்றினார்கள். கமக்காரன் நுணுக்குக்காட்டி பார்ப்பானா என்று சிலர் நகைத்தார்கள். தம் ஆய்வுக்கூடத்திலே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வருத்தமின்றி அதைப் பார்த்து வருகின்றாள் என்று பாஸ்டர் காட்டினார். அவருடைய மனைவியாரும் மகளும் இலை பறித்துப் புழு வளர்த்து, இவ்வேலையில் உடனுழைத்தவர்கள்.

வாயால் வாதிட்டது போதாதென்று 1866இல் ஒரு பந்தயமே வைத்தார். பதினான்கு முட்டைத் தொகுதிகளுக்குரிய தாய்ப்பூச்சிகளைப் பார்த்து, அடுத்த ஆண்டு எத்தொகுதி விளையும், எது அழியும் என்று எழுதி, முத்திரையிட்டு, சென் இப்பொலீத் என்ற ஊரின் நகரத் தலைவரிடம் ஒப்படைத்தார். முட்டைகள் குடிகளிடம் போயின. 1867இல் விளைவு கண்டபின் கடிதம் உடைக்கப்பட்டது. பதினான்கிற் பன்னிரண்டு அவர் எழுதியபடியே நடந்திருந்தன. சோதிடர்களும் எழுதி வைப்பார்களாயின் நமக்கு எவ்வளவு நன்மை!

அவர் பிழைபடாதவர் அல்லர். அந்த உருண்டையே நோயின் காரணம், அது புறத்திலிருந்து புகும் ஒட்டுண்ணி என்பதை முதலில் அவர் ஏற்கவில்லை. பெஷான் என்னும் அறிஞர் அதை முன்னரே சொன்னார். பாஸ்டர் அவரை மதிக்கவில்லை. தம் மாணவர் ஜெர்னே செய்த பரிசோதனைகளைக் கண்டபின்பே இணங்கினார். மேலும், பெப்ரின் நீங்கிய புழுக்களும் சில இடங்களில் வாடிச் செத்தன. ஆராய்ந்தபோது அது குடலைப் பற்றிய வேறொரு நோய். அதற்கு நுணுக்குக்காட்டி மட்டும் போதவில்லை. கூடு கட்டச் சுள்ளியில் ஏறும்போது புழுக்கள் சுறுசுறுப்பாய் ஏறினவா, சோர்ந்து கிடந்தனவா என்று முன்னரே பார்த்துக் குறித்திருக்க வேண்டும். சோர்ந்த கூட்டத்திலிருந்து வித்து எடுக்கலாகாது. இதற்கும் குறிப்பே துணையாயிற்று.

1868 அக்டோபர் 19ஆம் நாள், நாற்பத்தைந்து வயதில் பாரிசவாயு அவரைத் தாக்கியது. இடக்கையும் இடக்காலும் வசமிழந்தன. பிழைக்க மாட்டார் என்று அஞ்சினார்கள். ஒரு வாரம் ஆகுமுன், படுக்கையிற் கிடந்தபடியே, பட்டு வித்தைத் தேரும் முறை பற்றிய கட்டுரை ஒன்றை ஜெர்னேக்குச் சொல்லி எழுதுவித்தார். டியூமா அதை விஞ்ஞான சங்கத்திலே வாசித்தார். கால் இழுத்து நடக்கும் நிலையிலேயே அவர் மறுபடியும் தென்திசை சென்றார். திரியெஸ்த் நகரை அடுத்த ஓர் அரச குடும்பத் தோட்டத்திலே தம் முறைப்படி புழு வளர்க்கச் செய்து, 1870இல் நல்ல இலாபம் காட்டினார். அவ்வாண்டே பட்டுப்புழு நோய் பற்றிய அவருடைய நூல் இரண்டு தொகுதிகளாய் வெளிவந்தது. அவ்வாண்டே ஜெர்மனியரோடு போரும் மூண்டது.

அம்முறை இன்றும் வழக்கொழியவில்லை. தமிழ்நாட்டில் ஓசூர்ப் பக்கத்திலும் கன்னட நாட்டிலும் பட்டு முட்டை ஆக்கும் நிலையங்கள் உள்ளன. அங்கே தாய்ப்பூச்சியை அரைத்துப் பார்த்த பின்பே, நோயற்ற முட்டைத் தொகுதி என்று குடிகளுக்குக் கொடுப்பார்கள். நம் மணப்பெண் உடுத்தும் கூறையின் நூலுக்கும் அந்தத் துணித்துண்டுக்கும் உறவு உண்டு.

புழுவிலிருந்து மனிதனுக்கு வருவோம். 1885 ஜூலை 6ஆம் நாள் அல்சாஸ் நாட்டிலிருந்து யோசேப்பு மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தாயார் கொண்டுவந்தார். இரண்டு நாளைக்கு முன் விசர்நாய் அவனைப் பதினான்கு இடத்திற் கடித்திருந்தது. பாஸ்டர் வைத்தியர் அல்லர். ஊசி போடும் உரிமை அவருக்கில்லை. கிராங்ஷே என்னும் வைத்தியரே போட்டார். நோயுற்ற முயலின் முண்ணாணை உலர்த்தி, வீரியம் குறைந்ததிலிருந்து கூடியது வரை முறையே பதின்மூன்று ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

அதன்பின் கடியுண்டவர்கள் பல தேசத்திலிருந்தும் வந்தார்கள். விசர்நாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆகவே, ஊசியாற் பிழைத்தாரா, இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பாரா என்று ஐயுறுவோர்க்கு விடை வேண்டும். விடையைக் கொடுத்தது பதிவேடு. வந்தவர் யார், வயது என்ன, எங்கே கடி, எப்பொழுது கடி, புண்ணைச் சுட்டார்களா என்பவெல்லாம் குறிக்கப்பட்டன. நாயைப் பற்றியும் எழுதினார்கள். விசர் என்று பரிசோதனையால் நிலைநாட்டப்பட்ட நாய் ஒரு வகுப்பு. மிருக வைத்தியர் பார்த்துச் சொன்ன நாய் மற்றொன்று. ஐயத்துக்கிடமான நாய் மூன்றாவது. புண்பட்டவனை அவனைக் கடித்த நாயோடு சேர்த்துக் கட்டிவைத்த இந்தப் பதிவு, முட்டையைத் தாயோடு கட்டிய துணியின் உடன்பிறப்பு என்றே எனக்குத் தோன்றுகின்றது. 1886 மார்ச்சு முதலாம் நாள் கணக்குச் சொன்னபோது, வந்தவர் 350 பேர், இறந்தவர் ஒருவர்.

அந்த ஒருவர் லூயிஸ் பெல்த்தியே என்ற பத்து வயதுச் சிறுமி. கடியுண்டு முப்பத்தேழு நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று பாஸ்டர் அறிவார். ஏற்காமல் விட்டிருந்தால் அவர் கணக்கு மாசற்றிருக்கும். பெற்றோர் மன்றாடினார்கள், ஏற்றார். அவள் இறந்தாள். அவளும் கணக்கிலே சேர்ந்தாள்.

நம்மிடம் பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் உண்டு. யாழ்ப்பாணத்து அரசர் காலத்து அறிவு அவற்றிலே இருக்கின்றது. நோய்க்குறி உண்டு, மருந்துச் சரக்கு உண்டு, பத்தியம் உண்டு. ஆனால் நான் பார்த்த வைத்திய ஏடுகளில், இன்னாருக்கு இம்மருந்து கொடுத்தோம், இத்தனை பேர் பிழைத்தார், இத்தனை பேர் இறந்தார் என்ற கணக்கைக் காணவில்லை. இதைச் சொல்வது பழிப்பதற்கு அன்று. பாஸ்டர் ஆலேயிற் புழு வளர்த்த அதே ஆண்டுகளில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலே படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் அந்த வழி தொடர்ந்திருக்குமாயின், நோயாளர் குறிப்பும் இன்று தமிழிலேயே இருந்திருக்கும்.

பாஸ்டரைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அவர் தம் ஆய்வுக் கொப்பிகளை எவருக்கும் காட்ட வேண்டா என்று குடும்பத்தாரிடம் சொல்லிப் போனார். நூற்றுக்கு மேற்பட்ட அக்கொப்பிகள் அவருடைய பேரனாரால் பிரெஞ்சுத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கப்பட்டு, 1970களிலேதான் ஆராய்வோர் கையை அடைந்தன. ஜெரால்ட் கைசன் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1995இல் ஒரு நூல் எழுதினார். 1881இல் ஆட்டு மந்தை முன்னிலையில் நடந்த புகழ்பெற்ற அடைப்பன் நோய்ப் பரிசோதனையிற் பயன்பட்ட மருந்து, ஊரார் நினைக்கும்படி பாஸ்டர் விட்ட மருந்தன்று. உடனுழைப்பாளர் ஷாம்பர்லான் வேறு முறையில் ஆக்கியது. மைஸ்டருக்கு முன் இருவருக்கு விசர்நாய்க்கடி மருந்து ஏற்றப்பட்டதும், அவர்களுள் ஒரு சிறுமி இறந்ததும் கொப்பியில் உண்டு. அவர் வெளியிட்டவற்றில் இல்லை.

இதைச் சிலர் சிறு குறை என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முட்டையிலே ஐயம் வந்தால் தாயைக் காட்டு என்று உலகத்துக்குச் சொன்னவர், தம் சொல்லுக்குத் தாயாகிய கொப்பியை மூடி வைத்தார். அது குற்றமே. ஆனால் ஒன்று: அவர் அதை எரிக்கவில்லை, திருத்தவுமில்லை. தமக்கு மாறாகச் சாட்சி சொல்லும் பக்கங்களைத் தம் கையெழுத்திலேயே விட்டுப் போனார். நம்மவர் பலரின் கொப்பிகள் இப்படிக் கிடைப்பதில்லை.

விசர்நாய்க்கடி வைத்தியத்துக்கென்று நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907இல் பாஸ்டர் பெயராலே ஒரு நிலையம் தோன்றியது. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற அச்சப் பேச்சு எங்கள் இளமைக் காலத்திலும் இருந்தது. இப்பொழுது கையிலே சில ஊசிகளோடு முடிகின்றது. இங்கே நாய் கடித்தவர் மந்திகை வைத்தியசாலைக்குப் போனால், புண்ணைக் கழுவுவதோடு, வீட்டு நாயா, தெரு நாயா, அதற்கு ஊசி போட்டதா, உயிரோடு இருக்கின்றதா என்று விசாரித்து எழுதுகின்றார்கள். வகுப்புகள் மாறினாலும் வினாக்கள் பழையவையே. நாட்பட்ட நோயாளர் கையிலே கிளினிக் கொப்பி இருக்கும். 1995இல் வலிகாமத்திலிருந்து வடமராட்சிக்குப் பெயர்ந்து வந்த முதியோரின் பைகளிலே, காணி உறுதியோடும் பிறப்புப் பத்திரத்தோடும் அந்தக் கொப்பியும் இருந்ததைக் கண்டிருக்கின்றேன். வைத்தியர் மாறினார், ஊர் மாறியது. கொப்பியைப் பார்த்தே மருந்து கொடுத்தார்கள்.

பாஸ்டர் 1895 செப்டெம்பர் 28ஆம் நாள் காலமானார். பாரிசிலே அவர் பெயரால் 1888இல் திறக்கப்பட்ட நிலையத்தின் கீழறையில் அவருடைய சமாதி இருக்கின்றது. சுவரெங்கும் நிறக்கற்களாலான சித்திரங்கள். ஆடுகளும் நாய்களும் முயல்களும் திராட்சைக் கொடிகளும் அங்கே உள்ளன. ஒரு பக்கத்திலே முசுக்கட்டைக் கிளையும், இலையிற் புழுக்களும், வெண்ணிறப் பட்டுப்பூச்சிகளும் பதிக்கப்பட்டிருக்கின்றன. பிழைத்த சிறுவன் மைஸ்டர் வளர்ந்து, அந்த நிலையத்துக்கே வாயிற்காவலராய் அமர்ந்து, 1940இல் இறக்கும் வரை அங்கே பணி செய்தார்.